வீட்டில் ஒரு பழைய புல்லட்டைப் புதுப்பித்தல்

பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பிரித்து, பழுதுபார்த்து, பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்புபவருக்குத் தமிழ்நாட்டில் மிகவும் ஏற்ற வண்டி, வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட். அந்த வண்டியின் வரலாறே அதற்குக் காரணம். இந்திய ராணுவம் 1950களில் எல்லைப் பணிக்காக 350 சி.சி. புல்லட் வண்டிகளைக் கேட்டது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோனது. சென்னையில் மட்டும் அதே வடிவமைப்பு, 2000களின் இறுதிவரை அடிப்படை மாறாமல் தொடர்ந்தது. ஒரே எஞ்சின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வார்க்கப்பட்டதால் உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கிறது; அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் சிற்றூர்களிலும் இருக்கின்றன.

எஞ்சினின் அமைப்பும் எளியது. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். கொள்ளளவு 346 சி.சி.; சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மி.மீ. விட்டத்தைவிட ஸ்ட்ரோக் நீளம், ஃபிளைவீலும் கனம் என்பதால் எஞ்சின் மெதுவாகச் சுழன்றே வண்டியை இழுக்கிறது. ஒவ்வொரு வெடிப்பையும் காதால் எண்ணக்கூடிய அந்த ஓசையும் அங்கிருந்துதான் வருகிறது. கியர் பெட்டி எஞ்சினின் பின்பக்கத்தில் தனியாகப் பூட்டப்பட்டது; ஒன்றில் கோளாறு என்றால் மற்றதைப் பிளக்க வேண்டியதில்லை. சென்சார் கிடையாது, கணினி கிடையாது. கண்ணால் பார்த்தும் கையால் அசைத்தும் ஃபீலர் கேஜால் அளந்தும் பெரும்பாலான கோளாறுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

வண்டியை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, ஆர்.சி. புத்தகத்தை. எஞ்சினில் பொறித்த எண்ணும், ஹேண்டில்பார் பொருந்தும் தலைப்பகுதியில் பொறித்த சேசிஸ் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். அரத்தால் தேய்த்து மறுபடி குத்திய எண், சுற்றியுள்ள உலோகத்தின் மேற்பரப்பைக் கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் பழைய உரிமையாளரின் கையெழுத்து தேவை. அவர் இறந்துவிட்டிருந்தால் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் காரியம் நகராது. பதிவு செய்து 15 ஆண்டு கடந்த வண்டிக்குத் தகுதிச் சோதனை முடித்து, படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. அதன்படி விண்டேஜ் பதிவு பெறலாம்; புதிதாகப் பதியும் வண்டியின் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். அன்றாடம் ஓட்ட நினைப்பவர் சாதாரணப் பதிவிலேயே இருப்பது நல்லது. காகிதமே இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது உதிரிப்பாகக் குவியல்தான். அதில் மாதக்கணக்கில் உழைப்பது வீண்.

அடுத்ததாக, வண்டியை எந்த அளவுக்கு மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஓடும் நிலையில் உள்ள வண்டிக்கு எஞ்சின், பிரேக், வயரிங் மூன்றையும் சீராக்கிவிட்டு, மங்கிய பெயின்டை அப்படியே விடுவது ஒரு வழி. கடைசி நட்டுவரை பிரித்து ஆலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. முதல் வழியை இங்கே பலரும் மதிப்பதில்லை. அது சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். உண்மையில், ஆலையில் கையால் இழுத்த தங்கக் கோடுகளோடு பெட்ரோல் டேங்க் தப்பிப் பிழைத்திருந்தால் அதைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிப்பது ஒரு சான்றை அழிப்பதாகும். புல்லட் டேங்கின் கோடுகள் எந்திரத்தால் போட்டவை அல்ல. தூரிகை பிடித்த கைகள் ஒரே மூச்சில் இழுத்தவை. அந்தக் கோட்டைத் திரும்ப வரைய ஆள் கிடைக்கலாம். அந்தப் பழைய கோடு திரும்ப வராது.

வேலைக்குச் சிமென்ட் தரையும் நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள ஓர் அறையோ கொட்டகையோ வேண்டும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழும். எனவே சமையலறையை ஒட்டிய இடமும், பூஜை விளக்கு எரியும் இடமும் கூடாது. கருவிகளில் செலவு செய்யத் தகுந்தவை ஃபீலர் கேஜ், வெர்னியர், டார்க் ரெஞ்சு, கிளட்ச் புல்லர், சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர். பழைய புல்லட்டுகளில் பிரிட்டிஷ் அளவு மரையும் போல்ட்டும் இருக்கும். அவற்றில் மி.மீ. ஸ்பானரை மாட்டித் திருகினால் போல்ட்டின் முனைகள் மழுங்கிவிடும். பிறகு உளி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பல வண்டிகளில் முந்தைய மெக்கானிக்குகள் இரண்டு வகை மரையையும் கலந்து பூட்டியிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு போல்ட்டும் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்வது கட்டாயம்.

பிரிப்பது கடினமில்லை, பிரித்ததை ஆறு மாதம் கழித்து நினைவுகூர்வதுதான் கடினம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் இரண்டு மூன்று கோணத்தில் போனில் படம் எடுக்க வேண்டும். வயர்கள் எங்கே வளைகின்றன, கேபிள் எதன் உள்ளே போகிறது, வாஷர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பவை படத்தில் தெரிய வேண்டும். பாகங்களை இடவாரியாகத் தனித்தனி ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு, மேலே பெயர் எழுதி வைப்பது பழகிய வழி. தேய்ந்துபோன பாகத்தையும் வேலை முடியும்வரை தூக்கி எறியக் கூடாது. கடையில் வாங்கும் புதுப் பாகம் சரியான அளவுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றே ஆதாரம்.

எல்லாம் கழன்று சட்டம் மட்டும் நிற்கும்போது அதைக் கழுவித் துடைத்து, வெல்டிங் இணைப்புகளில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். விபத்தில் வளைந்த சட்டம் சில நேரம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சக்கரங்களையும் மாட்டி, பக்கவாட்டில் நூல் கட்டிப் பார்த்தால் தெரியும். அதன்பின் பலரும் அவசரப்பட்டு சட்டத்தைப் பெயின்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கேதான் பணம் வீணாகிறது. பெயின்ட் அடிக்கும் முன், மட்கார்டு, டேங்க், சைலன்சர், சீட், டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு முறை சட்டத்தில் பூட்டிப் பார்க்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் மாற்று மட்கார்டுகளின் ஓட்டைகள் அரை அங்குலம் தள்ளியிருப்பது சாதாரணம். அவற்றைத் துளைத்து, வளைத்து, தேவையான இடத்தில் வெல்டிங் வைத்து, எல்லாம் சரியாக உட்காருகிறது என்று தெரிந்த பிறகு மறுபடி கழற்றிப் பெயின்டுக்கு அனுப்பினால், புதுப் பெயின்டின் மேல் டிரில்லிங் மெஷினை வைக்க நேராது.

துருவை நீக்கும் வழிகளில் வீட்டுக்கு ஏற்றது மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பயனற்ற ஓர் இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் தொடாதபடி தொங்கவிட வேண்டும். சில மணி நேரத்தில் துரு இளகிக் கறுத்துப்போகும். பிரஷ்ஷால் தேய்த்தால் உதிரும். நல்ல இரும்பு கரையாது என்பது இதன் பெரிய வசதி. நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியையோ தட்டையோ மாட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாக நீரில் கரையும். ஹைட்ரஜன் வாயுவும் கிளம்புவதால் இதைத் திறந்தவெளியில் செய்து, சார்ஜரை அணைத்த பிறகே கம்பியைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கின் உட்புறத்தையும் இதே முறையில் சுத்தம் செய்யலாம். ஆனால் ஓட்டை விழுந்த டேங்கை வீட்டில் வெல்டிங் செய்ய நினைப்பது உயிரோடு விளையாடுவது. காலியாகத் தோன்றும் டேங்கில் தங்கும் பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. அந்த வேலையை அனுபவமுள்ள பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.

இனி எஞ்சின். பல ஆண்டு நின்ற வண்டியில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். கிக்கரின் மேல் ஏறிக் குதித்தால் கிக்கரின் பற்களோ கியர் பெட்டியின் உறையோ உடையும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கியரைப் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விடுபடும்.

ஹெட்டையும் சிலிண்டரையும் எடுத்த பிறகு, எஞ்சினின் உண்மையான நிலை தெரியும். சிலிண்டரின் மேல்விளிம்புக்குக் கீழே விரல் நகத்தில் தட்டுப்படும் படி இருந்தால், பிஸ்டன் வளையங்கள் பல ஆண்டு உரசித் தேய்த்திருக்கின்றன என்று பொருள். லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையிலும் அளக்கச் சொல்ல வேண்டும். தேய்மானம் வரம்பு மீறினால் சிலிண்டரைப் போரிங் செய்து, 0.25 மி.மீ. அல்லது 0.50 மி.மீ. என அடுத்த அளவு பிஸ்டனைப் போடுவார்கள். பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்த பிறகே போரிங் செய்யச் சொல்வது முக்கியம். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பிப் போரிங் செய்தால் இடைவெளி குறைந்து, சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புதிய வளையத்தைப் பிஸ்டனில் மாட்டும் முன் அதைத் தனியாகச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்து கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

கனெக்டிங் ராடின் அடிப்பகுதி புல்லட்டின் நாடித்துடிப்பு. பிஸ்டன் இல்லாமல் ராடைப் பிடித்து நேர்மேலாக இழுத்தும் கீழே அழுத்தியும் பார்த்தால் ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. பழைய புல்லட்டில் அந்த இடத்தில் மிதக்கும் புஷ் இருக்கிறது. சுத்தமான எண்ணெய் தடையில்லாமல் வந்தால் அது நெடுங்காலம் உழைக்கும். எண்ணெய்ப் பாதையில் கசடு அடைத்தால் விரைவில் போய்விடும். மேல்நோக்கிய ஆட்டம் இருந்தால் கிராங்கைப் பிரித்துப் புதுப் பின்னும் புஷ்ஷும் போட்டு, இரண்டு ஃபிளைவீல்களும் ஒரே மையத்தில் சுழலும்படி டயல் கேஜ் வைத்துச் சீராக்க வேண்டும். இது வீட்டு வேலை அல்ல. இதைச் செய்யத் தெரிந்த நல்ல லேத் பட்டறையைக் கண்டுபிடிப்பதற்காக வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தாலும் போகலாம். மொத்த வேலையில் இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. டைமிங் பக்கத்தைப் பிரிக்கும்போது, எண்ணெய்ப் பம்பை ஓட்டும் புழுப்பல் நட்டு இடதுமரை கொண்டது என்பதை மறந்து வழக்கம்போல் திருகினால் அது இன்னும் இறுகி உடையும். பிரித்த எல்லா எண்ணெய்த் துளைகளிலும் மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து, மறுபக்கம் சீராக வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வால்வுகளைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு இருக்கையில் தேய்ப்பதை வீட்டிலேயே செய்யலாம். சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் தெரிந்தால் போதும். வால்வைப் பூட்டிவிட்டு, போர்ட் வழியே மண்ணெண்ணெய் ஊற்றி, உள்பக்கம் கசிகிறதா என்று சில நிமிடம் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் சோதனை. டாப்பெட் இடைவெளிக்கும் அவர்கள் வழி நம்பகமானது: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் அமுக்க நிலையில் மேலே நிற்க, புஷ்ராடை இரு விரலால் தடையின்றிச் சுழற்ற முடிய வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது.

கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டுகளின் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தாமல், காற்றடித்து மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பது பழைய வண்டிக்குப் புதிய சிக்கல். எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்த்து டேங்கின் அடியில் துருவேற்றும். பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் ஊதவைத்து இளக்கும். குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டு, வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து வைப்பதே பாதுகாப்பு.

வயரிங்கில் ஒட்டுப்போடுவது தவறு. உறை உடைந்து செம்பு பச்சைபிடித்த வயரை முழுதாக மாற்றிவிட வேண்டும். புதிய வயர் செட்டே கடையில் கிடைக்கிறது. மிகப் பழைய வண்டிகள் 6 வோல்ட்டில் ஓடுபவை, பின்னால் வந்தவை 12 வோல்ட். சில பழைய வயரிங்கில் பேட்டரியின் நேர்முனை சட்டத்தோடு இணைந்திருக்கும். பார்க்காமல் மாற்றி இணைத்தால் ரெக்டிஃபையர் புகைந்துபோகும். பாயின்டின் (கான்டாக்ட் பிரேக்கர்) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். முகம் கறுத்துக் குழிந்திருந்தால் பாயின்டையும் கண்டன்சரையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிய வேண்டும். ஹேண்டில் தலையைப் பிரிக்கும்போது கீழே ஒரு துணி விரித்தால் பேரிங் குண்டுகள் சிதறாது. ரிம்மில் ஸ்போக்குகளை மாற்றிக் கோட்டம் எடுப்பது பொறுமை இருந்தால் வீட்டிலேயே ஆகும். அனுபவமுள்ள சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். டயரில் ஆழம் இருந்தாலும் வயதைப் பார்க்க வேண்டும்: பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும்.

பெயின்டில் பாதிக்கு மேல் தயாரிப்பு வேலைதான். டிங்கரிங் முடிந்து, பட்டி தடவி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடித்து மறுபடி தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஹார்டனர் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைப் பெயின்டின் ஆவி சாதாரணத் துணி முகமூடிக்குள் புகுந்துவிடும். அதற்குரிய வடிகட்டி முகமூடி இல்லாதவர் அதைப் பெயின்டரிடம் விட்டுவிட வேண்டும். குரோம் முலாமும் பட்டறை வேலையே. செம்பும் நிக்கலும் அடியில் சரியாக ஏறாத குரோம் அடுத்த மழைக்காலத்தில் உரியும். வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். உதிரிப்பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், வடக்கே டெல்லியின் கரோல் பாக்கும் பெயர்பெற்றவை. பார்சலில் வரவழைப்பதைவிட, பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது ஏமாற்றத்தைக் குறைக்கும்.

எல்லாம் பூட்டிய பின் உடனே கிக் அடிக்கக் கூடாது. புல்லட்டின் எண்ணெய் எஞ்சின் உறையிலேயே உள்ள தனி அறையில் இருக்கிறது. ஒரு பம்ப் அதை எடுத்துக் கிராங்குக்குத் தருகிறது, இன்னொன்று கீழே சேர்வதைத் திரும்ப எடுக்கிறது. 20W-50 எண்ணெய் ஊற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டு, சுமையில்லாமல் பல முறை கிக் அடித்து, ராக்கருக்குப் போகும் குழாயின் இணைப்பைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் கசிந்தால் பம்ப் இயங்குகிறது. பிறகு பிளக்கைப் பூட்டி, சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி அமுக்கம் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, அமுக்கத்தை விடுவிக்கும் டீகம்ப்ரசரைப் பிடித்து அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை நகர்த்தி, டீகம்ப்ரசரை விட்டு, முழு வீச்சில் ஓர் உதை. முள் நடுவுக்கு வருவது பாயின்ட் திறந்துவிட்டது என்பதன் அடையாளம். அந்த இடத்திலிருந்து உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்காது.

போரிங் செய்த எஞ்சினை முதல் 500 கி.மீ.வரை 50 கி.மீ. வேகத்துக்குள், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காமல், ஏற்றத்தில் திணறவிடாமல் ஓட்ட வேண்டும். முதல் சில சூடேற்றங்களுக்குப் பின், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, டாப்பெட்டையும் பார்க்க வேண்டும். 500 கி.மீ. ஆனதும் எண்ணெயை வடித்து, ஃபில்டரை மாற்றுங்கள். வடித்த எண்ணெயை வெயிலில் பிடித்துப் பாருங்கள்: மிக நுண்ணிய சாம்பல் மினுமினுப்பு புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகுவதன் அடையாளம். கையில் தட்டுப்படும் துகள்களோ செம்பு நிறத் துணுக்குகளோ தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி, எஞ்சினை மறுபடி திறந்துவிடுங்கள்.